பொனாப்பேயில் இறங்காத சரக்கு

"பொனாப்பேயில இறங்குறப்போ தளபதி நாற்காலி எனக்கு வேணும்" என்று ஹாஸ்கலிடம் கேட்டேன்.

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். சங்கத்தில் சேர்ந்த முதல் சனிக்கிழமையே பிராத்தர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: வேறு எதை வேண்டுமானாலும் கேள், நாற்காலியை மட்டும் கேட்காதே. அதில் இருப்பவராகப் பார்த்து எழுந்து இன்னொருவரை உட்காரச் சொல்வார். அதுவரை காத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தவர்கள் வரிசையின் கடைசிக்குப் போவார்கள். ஹாஸ்கல் உட்கார்ந்து எத்தனையோ ஆட்டங்கள் ஆகிவிட்டன. அவருக்கு எழுந்திருக்கும் உத்தேசம் இருந்ததாக யாருக்கும் தோன்றியதில்லை.

எங்களுடையது இரண்டாம் உலகப் போரை மேசைமேல் ஆடும் சங்கம்; நார்ஃபோக்கில் ஒரு தேவாலயத்தின் நிலவறைதான் போர்க்களம். மேசைகளை ஒட்டிப்போட்டு அதன்மேல் பசிபிக் பெருங்கடலை விரித்திருப்போம். கடல் முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு படைக்கும் ஒரு அட்டைவில்லை. நாங்கள் அமெரிக்கத் தரப்பு. ஜப்பான் தரப்பு தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம், ஞாயிறு வகுப்பு நடக்கும் அறையில், குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடுவர் ஆஸ்ட்ராண்டர் இரண்டு அறைக்கும் நடப்பார். எங்கள் கட்டளைகளை வாங்கிக்கொண்டு போவார். கடலில் என்ன ஆனது என்று திரும்பி வந்து சொல்வார். அவர் சொன்னதுதான் நடந்தது.

ஹாஸ்கல் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். இந்த ஊரில் பாதிப் பேர் கடற்படையில் இருந்தவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள். இவர் இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆனாலும் எல்லோரும் அட்மிரல் என்றுதான் கூப்பிடுவார்கள். பிராத்தர் வீடுகளுக்குக் கூரை போட்டுக் கொடுப்பவர். ஆட்டத்தில் விமானம் தாங்கிக் கப்பல்கள் அவர் பொறுப்பு. நான் சரக்கு. புதிதாக வருகிறவருக்கு எப்போதும் சரக்குதான். எண்ணெய், குண்டு, சாப்பாடு, துருப்புக் கப்பல் என்று யாருக்கும் பிடிக்காத எல்லாமே அதில் அடக்கம். "அதைத்தானே காலேஜ்ல படிச்ச?" என்றார்கள். படித்தேன்தான். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொன்னால் "அடடே" என்பார்கள், நாய்க்குட்டி கை கொடுத்துவிட்டது போல.

முதலில் அந்தப் படிப்பே என்னைக் கவிழ்த்தது. இலையுதிர் காலத்தில் ஒரு சின்னத் தீவில் இறங்கினோம். இடம் வீணாகாமல் ஏற்ற வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கனமானது அடியில், லேசானது மேலே, ஒரு மூலைகூடக் காலியில்லாமல் ஏற்றினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பீரங்கியும் குண்டும் கனம், ஆகவே அடியில். கூடாரமும் சமையல் சாமானும் மேலே. ஆஸ்ட்ராண்டர் வந்து கதவருகே நின்று தொண்டையைக் கனைத்தார்.

"மிஸ் டில்லார்ட், உங்க ஆளுங்க கரையில நிக்கிறாங்க. கையில கூடாரம் இருக்கு, அண்டா இருக்கு. எதிர்ல இயந்திரத் துப்பாக்கி இருக்கு."

"விருந்து வெச்சே சரணடைய வெச்சிடலாம்" என்றார் பிராத்தர்.

நிலவறையே சிரித்தது. தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. தப்பு என்னுடையது, அதனால் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க விதிப்புத்தகத்தோடு கிடந்தேன். கடைசியில் ஏற்றியதுதான் முதலில் இறங்கும்; ஆகவே முதலில் தேவைப்படுவதைக் கடைசியில் ஏற்று, கப்பலில் பாதி இடம் காலியாகப் போனாலும் போகட்டும். ஒரு படையும் அதன் பீரங்கியும் அந்தப் பீரங்கிக்கான குண்டும் ஒரே கப்பலில் போகட்டும். பிரித்து ஏற்றினால் ஒரு கப்பல் மூழ்கும்போது இன்னொரு கப்பலில் இருப்பதும் குப்பையாகிவிடும். அடுத்து நாங்கள் இறங்கவிருந்த பொனாப்பே போன்ற தீவைச் சுற்றிப் பவளத்திட்டு இருக்கும். தண்ணீர் வற்றியிருந்தால் சாதாரணப் படகு அதில் தட்டி நின்றுவிடும், ஆட்கள் கழுத்தளவு நீரில் நடந்து வந்து சாவார்கள். திட்டின் மேல் ஊர்ந்து ஏறும் படகுகள் வேண்டும், அவை குறைவு, முதல் அலையாக இறங்கும் துருப்புக்கு மட்டும்தான் போதும். இதையெல்லாம்கூடக் கற்றுக்கொண்டுவிடலாம். எனக்குக் கவலையாக இருந்தது வேறொன்று. ஆட்களை ஒரே நாளில் இறக்கிவிடலாம், சரக்கு இறங்கப் பல நாள் ஆகும். அத்தனை நாளும் சரக்குக் கப்பல்கள் கட்டிப்போட்ட மாடு மாதிரி கரையோரம் நிற்கும். அவற்றின் தலைக்கு மேல் நம் விமானங்கள் இருக்க வேண்டும். விமானம் தாங்கிகள் நகராமல் அங்கேயே சுற்ற வேண்டும். அதற்கு எண்ணெய்க் கப்பல்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

எங்கள் ஹாஸ்கலால் ஒரே இடத்தில் நிற்க முடியாது. எதிரிக் கப்பல் கண்ணில் பட்டால் போதும், கை பரபரக்கும். அதனால்தான் நாற்காலியைக் கேட்டேன். திட்டம் என்னுடையது. அதைக் கடைசிவரை நானே நடத்த வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஹாஸ்கல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெண்ட்ரா கண்ணு, இப்படிக் கேக்கக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"எதை எப்ப இறக்கணும்னு எனக்குத்தான் தெரியும். நடுவுல நீங்க யாரையாவது தொரத்திக்கிட்டுக் கிளம்பிட்டா எல்லாம் போச்சு."

"அட்மிரல், காரைத் தொரத்துற நாய் மாதிரிங்கறா உங்களை" என்றார் பிராத்தர், வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே.

"நான் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க."

ஹாஸ்கல் கோபப்படவில்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போகிறவரின் கனிவோடு பேசினார். "நாற்காலி என்கிட்டயே இருக்கட்டும்மா. நீ பக்கத்துல உக்காந்து சொல்லு, நான் அப்படியே செய்யறேன்."

"சரக்கு முழுசா இறங்குற வரைக்கும் விமானம் தாங்கி நகரக் கூடாது."

"நகராது."

"எண்ணெய்க் கப்பலும்."

"அதுவும்தான். வார்த்தை கொடுத்தாச்சு, போதுமா?"

போதாது. ஆனாலும் தலையாட்டினேன்.

தரையிறக்கம் நன்றாகவே போனது. முதல் அலை பவளத்திட்டில் ஊர்ந்து ஏறியது. பீரங்கிகள் முதலில் இறங்கின, அவற்றின் குண்டும் கூடவே. ஆஸ்ட்ராண்டர் முடிவைப் படித்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒருமுறை புருவத்தை உயர்த்தினார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய பாராட்டு. குண்டுகளில் பெரும்பகுதி இன்னும் கப்பல்களில் இருந்தது. இன்னும் சில சுற்று அசையாமல் நின்றால் தீவு எங்களுடையது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்ட்ராண்டர் தகவல் கொண்டுவந்தார். வடமேற்கே எதிரியின் விமானம் தாங்கிகள் தென்பட்டிருக்கின்றன. சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஹாஸ்கலின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "பிராத்தர், எவ்வளவு சீக்கிரம் போக முடியும்?"

"வேண்டாம்" என்றேன். "பொறி. நம்மள இழுக்கறாங்க."

"ஒரே ஒரு அடி அடிச்சிட்டு வந்துடறோம், கண்ணு."

"எண்ணெய் எங்க இருந்து வரும்?"

"எண்ணெய்க் கப்பலையும் கூட்டிக்கிட்டுப் போறோம்."

"வார்த்தை கொடுத்தீங்க."

"போர்ல நிலைமை மாறும்மா. மேல உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

பிராத்தர் ஏற்கெனவே வில்லைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். கட்டளைத் தாளும் மடிக்கப்பட்டு நடுவரிடம் போய்விட்டது. சரக்குக்காரர் அட்மிரலின் கட்டளையைத் தடுக்க முடியாது, எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு வழியே இல்லை.

ஆஸ்ட்ராண்டர் திரும்பி வந்தபோது மெதுவாக நடந்தார். வடமேற்கே இருந்தவை விமானமே இல்லாத பழைய கப்பல்கள். நிஜப் படை தெற்கிலிருந்து பொனாப்பேக்கு வந்தது. மேலே காவல் இல்லை. சரக்குக் கப்பல்கள் ஒன்றுவிடாமல் போயின, குண்டுகளோடு. கரையில் இருந்த என் படைகள் இனி எதை வைத்துச் சண்டை போடும் என்று அவர் சொல்லவில்லை. வேகமில்லாத எண்ணெய்க் கப்பல்கள் பின்தங்கிவிட, எங்கள் விமானம் தாங்கிகள் எரிபொருள் வற்றி எங்கோ நடுக்கடலில் நின்றன.

"அடுத்த சுற்றுக்குப் போலாமா?" என்றார்.

"ஒரு நிமிஷம், லைல்." ஹாஸ்கல் ஆஸ்ட்ராண்டரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பினார். "உன் மன்னிப்பு இன்னும் மிச்சம் இருக்குல்ல?"

சேர்ந்து முதல் வருஷம் ஆடுகிறவர் தெரியாமல் செய்த ஒரு பிழையை, ஒரே ஒருமுறை, திரும்பப் பெறலாம். நடுவர் ஒரு சுற்றை அழித்துவிட்டு மறுபடி ஆட விடுவார். பழைய ஆட்களுக்கு அது கிடையாது. அண்டா விவகாரத்தில்கூட ரோஷத்தில் நான் அதைக் கேட்கவில்லை.

"இருக்கு."

"எண்ணெய்க் கணக்குல தப்புப் பண்ணிட்டேன், அதனாலதான் கப்பல் எல்லாம் கிளம்ப வேண்டியதாச்சுன்னு லைல்கிட்ட சொல்லு."

"தப்பு நான் பண்ணலையே."

"தெரியும்மா. எனக்கு மன்னிப்பு கிடையாது, உனக்கு இருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

"புதுசா வந்தவ தப்புப் பண்ணா யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றார் பிராத்தர். "சரக்குன்னா அப்படித்தான் இருக்கும்."

ஹாஸ்கல் எழுந்தார். நிஜமாகவே எழுந்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "எடுத்துக்கோ. சுற்று பின்னால போனதும் நீதான் தளபதி. பொனாப்பே உன்னோடது."

பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது. என் கப்பல்கள் திரும்பி வரும். குண்டுகள் இறங்கும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் தாழ்வாரத்தைக் கடந்து போகும்; டில்லார்டுக்குக் கூட்டல் வராது, பாவம், அட்மிரல் பெருந்தன்மையாக நாற்காலியையே கொடுத்து ஆறுதல் சொன்னார் என்று வருஷக்கணக்கில் சிரிப்பார்கள். படித்தவள் அல்லவா என்றும் ஒருவர் சேர்த்துக்கொள்வார்.

என் மேலங்கியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். ஆஸ்ட்ராண்டர் அங்கேயே நின்றிருந்தார்.

"என் கணக்குல தப்பு இல்ல, மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர். விமானம் தாங்கியையும் எண்ணெய்க் கப்பலையும் நகத்தச் சொன்னது அட்மிரல். வேண்டாம்னு சொன்னது நான். நீங்க அடுத்த சுற்றுக்குப் போகலாம்."

அவர் தலையசைத்தார். பின்னால் ஹாஸ்கல், "கெண்ட்ரா, ஆட்டத்துல இதெல்லாம் சகஜம், வந்து உக்காரு" என்றார்.

"அப்ப அடுத்த வாரம் சரக்கை யாரு பாக்கறது?" என்றார் பிராத்தர். அவருக்கு நிஜமாகவே கவலையாக இருந்தது.

"நீங்க பாருங்க. எண்ணெய் இல்லாத கப்பலை வெச்சிக்கிட்டு உங்களுக்கு வேற என்ன வேலை?"

ஞாயிறு வகுப்பு அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நிற்காமல் படியேறினேன். அடுத்த சனிக்கிழமை வரப்போவதில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். மேலங்கியை எடுத்தபோதே அது முடிவாகிவிட்டது. மேலே வெளிக்கதவு காற்றில் இறுகிக் கிடந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்து வெளியே போனேன்.