தங்க நரம்புச் செம்பருத்தி

அன்று எலவனாசூர்கோட்டையில் தைரியநாதன் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தைரியநாதன், இஸ்திரி போட்ட வேட்டியில். மருமகள் கிரேஸ், காபித் தட்டுடன். தம்பி மகன் ஜான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பக்கத்து நிலத்துக்காரர் தனசேகரன், சாட்சியாக. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் செடிகளுக்கு வரும் வைரஸை ஆராயும் மணிமொழி, மடியில் லேப்டாப்புடன். செம்பருத்தியும் இருந்தது. வழக்கே அதைப் பற்றியதுதான்.

பச்சை இலைச் செம்பருத்தி யார் வீட்டிலும் இருக்கும். தைரியநாதன் வீட்டுச் செடியில் இலைக்கு இலை தங்கக் கம்பியால் பின்னியது போல் மஞ்சள் வலை. அவர் தாத்தா வெள்ளிமலையிலிருந்து கொண்டுவந்தது. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறவர்களுக்கு நகையோடு இதில் ஒரு குச்சியும் தொட்டியில் நட்டுக் கொடுப்பார்கள். நகையைக் குறை சொன்ன சம்பந்திகள் உண்டு. குச்சியைக் குறை சொன்னவர் இல்லை. மாதா கோயில் தேருக்கு முதல் பூங்கொத்தும் இதிலிருந்துதான் போகும்.

இந்த வருஷம் ஜான் புதிதாக ஒரு சரித்திரம் கண்டுபிடித்தான். மூலச்செடி அவன் அப்பா வீட்டுடையதாம். பெரியப்பா அங்கிருந்து ஒடித்துக்கொண்டு போனாராம். ஆகவே முதல் கொத்து கொடுக்கிற உரிமை அவனுக்காம். ஒடித்துக்கொண்டு போவதா! தைரியநாதன் வீட்டாருக்குக் கொடுத்துத்தான் பழக்கம், எடுத்து அல்ல. தைரியநாதன் விஞ்ஞானத்தையே கூப்பிட்டார். வருகிற முடிவுக்கு இரண்டு வீடும் கட்டுப்பட வேண்டும் என்று தனசேகரன் முன்னால் சொன்னவரும் அவரே.

மணிமொழி இரண்டு வீட்டு இலைகளையும், சம்பந்தி வீட்டு இலைகளையும், வெள்ளிமலைச் செம்பருத்தி இலையையும் சோதித்திருந்தாள். போகிறபோக்கில் கொல்லை வெண்டைப் பாத்தியிலும் ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளிப் போயிருந்தாள். சின்னப்பெண், அறியாமை என்று தைரியநாதன் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

"ஐயா, மலைச் செடியெல்லாம் சுத்தப் பச்சைங்க. இந்த மஞ்சள், செடியோட குணம் இல்ல. வைரஸ்."

"இன்னாது?" என்றார் தனசேகரன்.

"வெள்ளை ஈ பரப்பற நோய்ங்க. வெண்டைக்கு வர்ற மஞ்சள் நோய்க்கு நெருங்கின சொந்தம்."

தனசேகரன் காபியைக் கீழே வைத்தார். மஞ்சள் கண்ட வெண்டையை வேரோடு பிடுங்கிக் கொளுத்தச் சொல்லி ஊருக்கே பாடம் நடத்துகிறவர் தைரியநாதன்.

"வாத்தியாரே, வயல்ல கொளுத்தறத வாசல்ல வச்சி அழகு பாத்துக்கினு இருந்தீங்களா?"

தைரியநாதனின் முதுகு ஒரு நூல்கூட வளையவில்லை. "நோய் கிடக்கட்டும். யார் வீட்டுது மூத்தது? அதைச் சொல்லும்மா."

"வைரஸ் பெருகும்போது அதோட மரபணுவுல சின்னச்சின்ன மாத்தம் விழும்ங்க, பாத்து எழுதறப்ப பிழை விழற மாதிரி. வெண்டையில இருக்கறதோட ஒப்பிட்டா உங்க செடியில மாத்தம் கம்மி. ஜான் சார் வீட்ல உங்க செடியில விழுந்தது அத்தனையும் இருக்கு, அதுக்கு மேல புதுசும் இருக்கு. சம்பந்தி வீடுங்கள்லயும் அப்படித்தான். நோய் முதல்ல புகுந்தது இங்கதான். இங்கேருந்துதான் எல்லா வீட்டுக்கும் போயிருக்கு."

வழக்கில் ஜெயித்துவிட்டார். ஜான் கைதட்டினான்.

"ஒத்துக்கறேன் பெரியப்பா! ஒங்க வூடுதான் மூலம். நாங்கல்லாம் வாங்கிக்கினவங்க. முதல் கொத்து நீங்களே குடுங்க. ஊருக்கெல்லாம் நானே சொல்லிட்றேன்."

"நீ ஒண்ணும் சொல்லவாணாம்."

"கட்டுப்படணும்னு நீங்கதான சொன்னீங்க?"

கிரேஸ் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, போன மாசம்தான் நம்ம வீட்டு ஏஞ்சலினுக்குக் கல்யாணச் சீரோட திருக்கோவிலூருக்குத் தொட்டி குடுத்தனுப்பினோம். திருப்பி வாங்கிக்கலாமா?"

"குடுத்ததைத் திருப்பி வாங்கற வூடா இது?"

மணிமொழி லேப்டாப்பை மூடினாள். "வெள்ளை ஈ இதுக்கும் வெண்டைக்கும் போய் வந்துக்கினே இருக்கும்ங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக்கூடாது. எதை எடுக்கணும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார் தைரியநாதன். எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

அவர் அவமானம் தாங்காமல் பரம்பரைச் செம்பருத்தியைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய். செம்பருத்தி, வெள்ளை ஈ அண்டாமல் கொசுவலைக்குள் சௌக்கியமாக நிற்கிறது. தேருக்கு முதல் கொத்தும் அதிலிருந்துதான் போயிற்று. கொளுத்தியது வெண்டையை.