ஓர் அழுகைக்காக

சாரலுக்குச் சத்தம் கிடையாது. மலைமுகட்டிலிருந்து இறங்கி, தென்னந்தோப்பைக் கடந்து, இலஞ்சியின் தெருக்களை நனைத்துவிட்டுப் போய்விடும். கொடியில் காயும் துணியைத் தொட்டுப் பார்த்தால்தான் அது வந்து போனது தெரியும்.

உலகேஸ்வரியின் இரண்டாவது குழந்தையும் அப்படித்தான் வந்து போனது.

எட்டாம் மாதம். ஸ்கேன் அறை. வயிற்றின் மீது குளிர்ந்த பசை. டாக்டர் அம்மா கருவியை இடமும் வலமும் நகர்த்தினார். மீண்டும் இடம். மீண்டும் வலம். வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, மிகுந்த கனிவோடு, அந்த இரைச்சலையும் அணைத்தார்.

மறுநாள் பிறந்தான். தலை நிறைய முடி. அறையில் ஐந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். எல்லாம் தெரிந்தும் காத்திருந்தாள். ஓர் அழுகை. ஒரே ஓர் அழுகை.

வரவில்லை.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அவளுடைய காதுகள் அந்த அறையிலேயே தங்கிவிட்டன. மூத்த மகள் யாழினிக்குத் தலை பின்னினாள். கணவர் சண்முகவேலுக்குச் சோறு கட்டினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். காதுகள் மட்டும் அங்கே இருந்தன. காத்துக்கொண்டு.

சண்முகவேலின் தங்கை செல்விக்குக் கட்டியோடு சேர்த்துக் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அவளுக்கும் அவள் கணவருக்கும் உரிய கருவை வேறொரு பெண் சுமந்தால் பிள்ளை உண்டு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். செல்வி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அண்ணன் மனைவியிடம் கேட்பதைப் பற்றி நினைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கேட்டவள் உலகேஸ்வரி. ஒரு மாலைப் பொழுதில், இருவரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது.

"ஏளா, நான் சுமக்கட்டுமா?"

செல்வியின் கை நின்றுவிட்டது. "வேண்டாம் மைனி. மறுபடியும் ஒண்ணு ஆயிட்டுன்னா ஒங்களால தாங்க முடியாது."

"ஒண்ணும் ஆவலன்னா?"

தனக்கென்று இன்னொரு குழந்தை வேண்டாம் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். தனக்கென்றால், போனவனின் முகத்தை அதில் தேடிக்கொண்டே இருப்பாள். அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஓர் அழுகையைக் கேட்க வேண்டும். தன் உடம்பிலிருந்து வெளியே வந்து, காற்றைக் கிழிக்கும் ஓர் அழுகை. அது யாருடைய குழந்தையாக இருந்தால் என்ன?

சண்முகவேல் இரண்டு நாட்கள் யோசித்தார். மூன்றாம் நாள், "என் தங்கச்சிக்காகச் சொல்லலையே நீ?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்காகத்தான்" என்றாள்.

நீதிமன்றத்தில் அனுமதி பெற வேண்டியிருந்தது. "யாராச்சும் வற்புறுத்தினாங்களாம்மா?" என்று நீதிபதி அம்மையார் கேட்டார். "இல்லைங்கம்மா. நாந்தான் எல்லாரையும் வற்புறுத்தினேன்." நீதிபதி தலையைக் குனிந்து எழுதினார். எழுதும்போது அவர் புன்னகைத்தது போல இருந்தது.

வயிறு தெரியத் தொடங்கியதும் தெருவும் பேசத் தொடங்கியது. "வாடகைத் தாயாமே! வாடகை எவ்வளவுட்டீ?" என்றாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள்.

"வாடகையெல்லாம் இல்ல பெரியம்ம. சொந்தக்காரப் பிள்ள. சும்மா தங்கிட்டுப் போட்டும்."

மாதங்கள் வந்தன. ஐப்பசியின் அடைமழை. மார்கழியின் பனி. மாசியில் மாம்பூ. ஒவ்வொரு ஸ்கேனிலும் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றைத்தான்: சத்தத்தைக் கூட்டி வையுங்கள். ஈரத்துணியை வேகவேகமாக அடித்துத் துவைப்பது போல அந்தச் சிறிய இதயம் அடித்துக்கொண்டது. செல்வி கதவருகே நின்று கேட்டாள். உள்ளே வா என்றாலும் வரமாட்டாள்.

எட்டாம் மாதம் வந்தது. உலகேஸ்வரி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். எட்டாம் மாதம் போனது.

அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளில், செல்வி ஒரு பஞ்சுப் பொட்டலத்தோடு வந்தாள். "ஏசி ரூமு மைனி. காதுல காத்து ஏறிரும்." பிள்ளை பெற்றவளின் காதில் பஞ்சு வைப்பது ஊர் வழக்கம். பெறுவதற்கு முன்பே வைப்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் உலகேஸ்வரி தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். தேங்காய் எண்ணெயில் தோய்த்த பஞ்சைச் செல்வி தடிமனாக உருட்டி, இரண்டு காதுகளிலும் அழுத்தி அடைத்தாள். அதன் மேல் பச்சைத் தொப்பி இறங்கியது.

இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லை. மார்புக்கு மேலே ஒரு பச்சைத் திரை. குரல்கள் ஆற்றுத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தன. பயத்தில் காது அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பஞ்சின் நினைவே அவளுக்கு இல்லை.

உள்ளே ஏதோ இழுபட்டது. வயிறு சட்டென்று லேசானது. திரையின் ஓரமாக இரண்டு கைகள் எதையோ ஏந்திக்கொண்டு விலகிப் போயின.

காத்திருந்தாள்.

வரவில்லை.

முகமூடிகளுக்கு மேலே கண்கள் மட்டும். எந்தக் கண்ணிலும் எதையும் படிக்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளாக விட்டு வெளியேறாத அந்த அறை, மின்விசிறியோடு, ஐந்து பேரோடு, மறுபடியும் அவளைச் சுற்றி எழுந்து நின்றது.

"செத்துட்டா?" என்று கத்தினாள். "எம்புள்ள செத்துட்டா?" தன் பிள்ளை என்று சொன்னதைக்கூட அவள் உணரவில்லை.

நர்ஸ் பதறிக் குனிந்தாள். ஏதோ சொன்னாள். மறுபடியும் சொன்னாள். பிறகு சந்தேகத்தோடு தொப்பியை விலக்கி, காதுகளைப் பார்த்து, இரண்டிலிருந்தும் விரலால் பிடுங்கினாள்.

"யாரும்மா இது? அரைக் கிலோ பஞ்ச அடைச்சு வச்சிருக்கு!"

அப்போது வந்தது.

இனிமையான குரல் அல்ல. தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற குரல். கோபம் கொண்ட, சற்றும் மரியாதையில்லாத, முழுமையான குரல். பக்கத்து அறையிலிருந்து வந்தது. சுவரை மதிக்காமல் வந்தது. உலகேஸ்வரி சிரித்தாள். "ஆடாதீங்க, தையல் போடுறேன்" என்று டாக்டர் கடிந்துகொண்டார். அவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து, காதுகளுக்குள் இறங்கியது.

மாலையில் செல்வி மகளைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். வழக்கம் போல உள்ளே வரவில்லை.

"அழுகையக் கேட்டா மனசு ஒட்டிக்கிடும்னு சொன்னாவ மைனி. அப்புறம் தர முடியாம நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பஞ்சு…"

"எனக்காவவா, ஒனக்காவவா?"

செல்வி பிள்ளையின் துணியை இழுத்துவிட்டாள். "ரெண்டுக்குந்தான்" என்றாள்.

"கோட்டிக்காரி. நான் கேட்டதே அது ஒண்ணுதானளா. மத்தது பூராவும் ஒனக்கு. உள்ள வா."

செல்வி உள்ளே வந்தாள்.

அன்றிரவு உலகேஸ்வரி தன் மனத்தைத் தயக்கத்தோடு தொட்டுப் பார்த்தாள். ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வலி இருந்தது, அது தையலின் வலி. பால் சுரந்தது, அதை நான்கு நாட்கள் குழந்தைக்கே கொடுத்தாள். மற்றபடி உள்ளே அமைதிதான். பயப்படத் தேவையில்லாத அமைதி. ஐந்தாம் நாள் செல்வியின் கார் சங்கரன்கோவில் சாலையில் திரும்பி மறைந்தது. அன்று பிற்பகல் உலகேஸ்வரி தூங்கினாள். யாழினி வந்து எழுப்பும் வரை தூங்கினாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில், கைபேசி ஒலித்தது.

"மைனி, விடிஞ்சதுலேருந்து அழுதுக்கிட்டே கெடக்கா. பால் குடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு, தொட்டில்ல போட்டும் பாத்தாச்சு. நிறுத்த மாட்டேங்கா. நான் என்ன செய்ய?"

"ஃபோன அவ பக்கத்துல வை."

"எதுக்கு மைனி?"

"வையேன்."

உலகேஸ்வரி கைபேசியை அடுப்பு மேடையில், உப்பு டப்பாவின் மீது சாய்த்து வைத்தாள். அழுகை அடுப்பங்கரையை நிறைத்தது. சன்னல் வழியே வந்த வெயில் மாவுப் பாத்திரத்தின் மேல் விழுந்து கிடந்தது. யாழினி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, காது வலிக்கு! கொறைம்மா!"

உலகேஸ்வரி ஒரு கரண்டி மாவைக் கல்லில் ஊற்றினாள். வட்டமாகத் தேய்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, சத்தத்தை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தாள்.