உறவைத் தேர்ந்தெடுக்கவும்

மருத்துவமனைக் கீழ்த்தளத்தில், பார்வையாளர் சீட்டு கொடுக்கும் தொடுதிரைக்கு அன்றுதான் முதல் சோதனை. அதை வடிவமைத்தவள் மடிக்கணினியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொழிலில் பாதி வேடிக்கை பார்ப்பதுதான். ஒருவர் கண்ணாடியைத் துடைப்பதுபோலத் திரையைத் தேய்த்தார். இன்னொருவர் திரை கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்று வாயாலேயே பதில் சொன்னார். ஆனாலும் எப்படியோ சீட்டை வாங்கிக்கொண்டு எல்லாரும் மாடிக்குப் போய்விட்டார்கள்.

பச்சைக் குடையோடு வந்த பெண் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். 'நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?' கீழே மகன், மகள், மருமகள் என்று தொடங்கி நண்பர் வரை பொத்தான்கள். அவள் விரல் ஒன்றின் பக்கம் போகும், தொடாமல் திரும்பிவிடும். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். மறுபடி வந்து நின்றாள். எழுத்து சிறிதோ, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதோ என்று வடிவமைப்பாளர் எழுந்து போனாள்.

"எழுத்து தெரியலையாங்க?"

"நல்லாவே தெரியுது. நான்தான் இதுல எதுல வரேன்னு தெரியல."

"யாரைப் பாக்கணும்?"

"என் மாமியாரை. இன்னும் அப்படிச் சொல்லலாமான்னு தெரியல. அவங்க மகனும் நானும் பிரிஞ்சுட்டோம். கோர்ட்ல எல்லாம் முடிஞ்சிருச்சு."

"மருமகள்னே அமுக்குங்களேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"அவங்க கேட்டுட்டா? அதுக்கப்புறம் நான் அவங்க முகத்துல விழிச்சதே இல்லை."

'மற்றவை' என்று ஒரு பொத்தான் போட்டால் வேலை முடிந்துவிடும். அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இவளைப் பார்த்து அதை அமுக்கச் சொல்ல வடிவமைப்பாளருக்கு வாய் வரவில்லை. அதைவிட வேறொன்று அவளைக் குடைந்தது. இந்தக் கேள்வியை ஏன் வைத்தோம்? பழைய காகிதப் படிவத்தில் இருந்ததை அப்படியே தூக்கிவந்து திரையில் ஒட்டியிருக்கிறாள். பதிலை யார் படிக்கிறார்கள்? மாடியில் இருக்கும் நர்ஸ் நோயாளியிடம் சொல்வார். நோயாளி சரி என்றால் நர்ஸ் உள்ளே அனுப்புவார். அப்படியானால் வந்திருப்பது யாரென்று புரிய வேண்டியது நோயாளிக்குத்தானே?

"கொஞ்சம் இருங்க" என்று நாற்காலிக்குத் திரும்பினாள். சோதனை நாள் என்பதால் திரையை அங்கிருந்தே மாற்ற முடிந்தது. பொத்தான்கள் மறைந்தன. புதிதாக ஒரு வரி: 'உங்களை அவர் எப்படிக் கூப்பிடுவார்?' அதன் கீழே ஒரு வெற்றுக் கட்டம்.

அந்தப் பெண் படித்தாள். முகம் லேசாக இளகியது.

"இதுல என்ன வேணா எழுதலாமா?"

"அவங்க கூப்பிட்டது எதுவோ, அதை."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'வாயாடி.'

சற்று நேரத்தில் வரவேற்பு மேசையின் ஒலிபெருக்கியில் நர்ஸின் குரல் வந்தது. "கீழ என்னங்க நடக்குது? வாயாடின்னு வந்திருக்கு. அப்படியே படிச்சுச் சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க" என்றாள் வடிவமைப்பாளர்.

நர்ஸ் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார் போலும். செருப்புச் சத்தம் கேட்டது. திரைச்சீலை விலகும் சத்தம். "அம்மா, வாயாடின்னு ஒருத்தங்க உங்களைப் பாக்க வந்திருக்காங்களாம்."

இரண்டு பெண்களும் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அதிலிருந்து, படுத்திருப்பவர் நிமிர்ந்து உட்காரக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் மோட்டாரின் மெல்லிய உறுமல் கேட்கத் தொடங்கியது.