யார் தயவும் வேண்டாத கொடி

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பெருமை பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். ஆரம்பத்தில் தன் கடையைப் பற்றிப் பேசினார். அப்புறம் மகன் வெளியூரில் வாங்கிய வீட்டைப் பற்றிப் பேசினார். கடைசியாக வந்து சேர்ந்தது கிவிக் கொடி. அது வந்த பிறகு பெற்ற மகன்கூடப் பின்வரிசைக்குப் போய்விட்டான்.

கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் பெண் கொடியில் காய் பிடிக்கும். ஆனால் இவர் வாங்கியது புது ரகம். ஒற்றைக் கொடியாக நின்று, தன் மகரந்தத்திலேயே தானாகக் காய்க்கும் என்று சீட்டுக் கட்டி விற்றார்கள். இவர் இரண்டு கன்றுகள் வாங்கினார். தண்டு தடித்திருந்ததைத் தன் தோட்டத்தில் நட்டுக்கொண்டு, கோணலாக இருந்ததைப் பக்கத்து வீட்டில் குடியிருந்த மச்சினனுக்குக் கொடுத்தார். கொடுத்ததைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லவும் மறக்கவில்லை.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அவன் நடத்திவந்த அச்சகம் நொடித்துப்போனபோது, இவர்தான் தன் கடையின் பின்னறையில் அவனுக்கு வேலை கொடுத்தார். மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி வில்லைகளைத் தேய்த்துப் பொருத்தும் வேலை. நல்ல கை அவனுக்கு. ஒருமுறை வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்றால் அதில் பாதி அந்தக் கையால் வந்தது. நம் ஆள் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "நான்தான் தூக்கிவிட்டேன்" என்பதை மட்டும் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

நாலைந்து வருடத்தில் இரண்டு கொடிகளும் பந்தலேறிப் பூத்தன. கடைக்காரர் பந்தலில் பூ வாடிய இடமெல்லாம் காய். மச்சினன் பந்தலில் பூவோ பூ, பெயருக்கு ஒரு காய் இல்லை. அடுத்த வருடமும் இதே கதைதான். இது போதாதா அவருக்கு? ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருக்காரர்களைத் தோட்டத்துக்கு அழைத்து, பந்தலுக்கடியில் நிற்கவைத்துப் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார்.

"இதுக்கு ஜோடி கீடி எதுவும் தேவையில்லை. தானா பூக்கும், தானா காய்க்கும். யார் தயவும் வேண்டாம். என்னை மாதிரின்னு வச்சுக்குங்களேன்!"

காயைப் பறிக்கும்போது கல்லாக இருக்கும், ஆப்பிளோடு சேர்த்துக் காகிதப்பையில் போட்டு வைத்தால் கனிந்துவிடும் என்று விளக்கி, ஆளுக்கு ஒரு பை கொடுத்தனுப்புவார். காய்க்காக வந்தவர்கள் பேச்சையும் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மச்சினன் மகள் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மருந்துக்கடை அம்மா அவர்கள் பந்தலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அதுவும் இதே ரகம்தானே? ஏன் காய்க்கலை?"

"ரகம் ஒண்ணுதான். வச்ச ஆளு வேற இல்ல?" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க மாப்ளையும் அப்படித்தாங்க. பார்க்க ஜோரா இருப்பான். அச்சகம் வச்சான், அதுலயும் ஒண்ணும் காய்க்கலை. நான் மட்டும் தூக்கி விடலைன்னா இன்னைக்கு எந்த மூலையில நிப்பானோ! ஏய் மாப்ளே, பேசாம அதை வெட்டிப் போடு. பந்தல் கம்பாவது மிஞ்சும்."

மச்சினனும் சிரித்தான். அவன் மகள் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பாவின் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிந்தபோது மச்சினனின் கொடி வேரோடு தோண்டிப் போடப்பட்டுக் கிடந்தது. மச்சினன் வழக்கம்போல நேரத்துக்குக் கடைக்கு வந்தான். தேய்த்து முடித்த வில்லைகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்து, "ரெடி சார்" என்றான். கடைக்காரர் முதலில் கிண்டல் என்று நினைத்தார். கிண்டல் இல்லை. அதுவரை அத்தான், அத்தான் என்று கூப்பிட்ட வாய் அதற்குப் பிறகு சார் என்றே கூப்பிட்டது. மகளோ அப்பாவைப் பார்க்கக்கூட அந்தத் தெருவுக்கு வரவில்லை. வேண்டுமானால் அவன்தான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"விளையாட்டுக்குச் சொன்னதைப் போய் இப்படியா எடுத்துக்குவாங்க?" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"விளையாடினது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு மனைவி துணி மடிக்கப் போய்விட்டார்.

குளிர் கழிந்து கடைக்காரரின் கொடி மறுபடி துளிர்த்தது. முந்தைய வருடத்தைவிடப் பூ அதிகம். தேனீக்களும் வந்து போயின. ஆனால் பூக்கள் பழுத்துச் சுருங்கி, காம்போடு கொத்துக்கொத்தாக உதிர்ந்தன. உரம் வைத்தார், வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினார், ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் கொடியிடம் கெஞ்சியும் பார்த்தார். பந்தலில் இலையைத் தவிர வேறு எதுவும் தங்கவில்லை. கடைசியில், உதிராமல் மிச்சமிருந்த பூவில் ஒன்றைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு, கன்று விற்ற நர்சரிக்காரியோடு சண்டை போடக் கிளம்பினார்.

அவள் மண்ணைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "பக்கத்துல வேற கிவி ஏதாச்சும் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு, ஒண்ணுக்கும் உதவாதது. பூத்துப் பூத்துக் கொட்டும். இங்க பாருங்க." நாலு பேரிடம் காட்டிச் சிரிக்க எடுத்து வைத்திருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கொண்டுவந்த பூவை வாங்கி வைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "உங்க பூவோட நடுவுல வெள்ளையா, நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கு பாருங்க. காய் ஆகுறது அதுக்கு அடியிலதான். படத்துல இருக்கிற பூவுல அது இல்லை, மகரந்தம் மட்டும்தான் இருக்கு. இது ஆண் கொடி சார்."

"சீட்டுல தானா காய்க்கும்னு போட்டிருந்ததே?"

"அந்த வருஷம் எங்களுக்கு வந்த கன்னுல சீட்டெல்லாம் மாறிப்போச்சு. நிறைய பேர் வந்து சத்தம் போட்டாங்க. உங்களோடது சாதாரணப் பெண் கொடிதான். இத்தனை நாளும் அந்தக் கொடியாலதான் உங்களுக்குக் காய்ச்சிருக்கு. அது இருக்குல்ல?"

"வெட்டியாச்சு."

"அடடா! எந்தப் புண்ணியவான் வெட்டச் சொன்னது?"

கடைக்காரர் பையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். சண்டை போட வந்தவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார். யார் தயவும் வேண்டாம் என்று பந்தலுக்கடியில் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதைவிட, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவின் முழங்கையைப் பிடித்த பெண்ணின் முகம்தான் அவரை விடவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கடையின் பின்னறை வாசலில் போய்ப் போய் நின்றார். தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஓடும். மச்சினன் அதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பான். "என்ன சார்?"

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. வேலையைப் பாரு."

வாய்க்கு வாய் பேசும் மனிதருக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லிப் பழக்கமிருந்தால்தானே!

ஞாயிற்றுக்கிழமை அழைக்காமலேயே தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். மருந்துக்கடை அம்மா பந்தலை அண்ணாந்து பார்த்தார். "என்னங்க, ஒரு பிஞ்சைக்கூடக் காணோம்?"

"அது வந்து... இந்த வருஷம்..." கடைக்காரர் மென்று விழுங்கினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மச்சினன் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். பழிவாங்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "ஆளு மாறிப்போச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "பூக்குற நேரத்துல பனி கொட்டுச்சு இல்லீங்களா, அதுதான். வளர்த்தவர் மேல குறை சொல்ல முடியாது."

"ஆமாமா, பனிதான்" என்றார் கடைக்காரர். சட்டென்று வந்துவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். தப்பித்தாயிற்று.

தப்பித்த அந்த நொடியில்தான் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவமானப்பட்டவன் மறைத்து நிற்க, தான் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது போலக் கூசியது.

"பனி இல்லீங்க" என்றார். "பனியும் இல்லை, ஒண்ணும் இல்லை. காய்ச்சதெல்லாம் அவர் கொடியால. அது ஆண் கொடி. அது இல்லாம இது வெறும் இலைதான். அதை வெட்டச் சொன்னது நான். அன்னைக்கு உங்க எல்லார் முன்னாடியும் அவரைப் பத்திச் சொன்னதும் அத்தனையும் பொய். அவர் கை இல்லைன்னா என் கடையில வியாபாரமே கிடையாது."

மருந்துக்கடை அம்மாதான் மெதுவாக, "அப்ப நாங்க அந்த வீட்டுக்கும் ஒரு நன்றி சொல்லியிருக்கணுமே" என்றார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வெளியே நழுவினார்கள்.

மச்சினன் கடைசிச் சட்டையையும் உதறி உலர்த்திவிட்டுச் சுவரருகே வந்தான். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "நீங்க இதை எம்பொண்ணு முன்னாடி சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கடைக்காரர் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுப்பதும் மடியில் வைப்பதுமாக இருந்தார். சமையலறை ஜன்னலில் மனைவி நிற்பது தெரிந்தது. கடைசியில் மச்சினன் மகளின் எண்ணை அழுத்தினார்.

"மாமாவா?" என்றவள் குரல் உடனே நடுங்கியது. "அப்பாவுக்கு என்னாச்சு?"

நல்ல சேதி சொல்லவோ சும்மா விசாரிக்கவோ இவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஒண்ணும் ஆகலைம்மா. உங்கப்பா நல்லா இருக்கார். நான்தான்... அன்னைக்கு உன் முன்னாடி அவரைப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசினேனே, அது பொய்ம்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் அவள் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது.

"இருங்க மாமா, ஸ்பீக்கர்ல போடறேன்" என்றாள். "கூடத் தங்கியிருக்கிறவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அன்னைக்கு நான் திரும்பி வந்து அழுததைப் பார்த்தவங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பேசாமல் இருக்கச் சொன்னார்கள். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பின் தெரியாத அந்தப் பெண்களுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.