சாய்ந்து நிற்கும் ரத்தம்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குத் தரச்சான்று கிடைத்த வருடம் முதல், அங்கே வந்த பெயரில்லாக் குப்பிகளில் ரத்தம் நேராக நிற்கவில்லை. இன்னும் நோய் வராத யாரோ ஒருவருடைய வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. குப்பியை எப்படித் திருப்பினாலும் அந்த வீட்டுப் பக்கமே சாய்ந்தது.

சான்று வாங்க, நிலையத்தை நடத்தும் லேப்காரம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குளிர்பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று காலையும் மாலையும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கருவியையும் வெளியாள் வந்து சரிபார்க்க வேண்டும். ஆடிக்கொண்டே சுற்றிய, ரத்தம் பிரிக்கும் பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டும். முன்னறையில் ரசீது போடும் அவள் கணவர் மூக்கால் அழுதார். "ஊசி குத்த ரெண்டு நிமிஷம், அதை எழுதி வைக்க அரை மணி நேரமா?" ஆனால் சான்று சுவரில் ஏறியதும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் இவர்களுடைய முடிவை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே சோதனைக்கு இரண்டு இடத்தில் ரத்தம் கொடுக்கும் அலைச்சல் ஜனங்களுக்கு மிச்சமாயிற்று. கணவரும் இரண்டு புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

சான்று கொடுத்த அலுவலகம் சும்மா விடுமா? லேப் ஒழுங்காகச் சோதிக்கிறதா என்று பார்க்க, வருடத்துக்கு ஒரு பெயரில்லாக் குப்பியைக் கூரியரில் அனுப்பும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். லேப் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முதல் குப்பி தையல்காரர் வீட்டுப் பக்கம் சாய்ந்தது, அதில் சர்க்கரை எக்கச்சக்கம். தையல்காரருக்கோ அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. சிரித்துவிட்டுப் போனார். மழைக்காலத்துக்குள் அவருடைய சர்க்கரை அதே எண்ணில் வந்து நின்றது. முன்பே தெரிந்திருந்ததால் டாக்டர் அவரைக் காப்பாற்றிவிட்டார். அதற்குப் பிறகு கூரியர் வரும் நாளில் லேப் இருக்கும் தெருவில் ரேடியோ பாடாது. பயந்து ஊர் மாறிப் போனவர்களும் உண்டு. ரத்தம் அந்த ஊர்ப் பக்கம் சாய்ந்தது.

ஒரு வருடம் அது டீக்கடைக்காரர் பக்கம் சாய்ந்தது. அவர் லேப்காரம்மாவின் கணவருக்கு உயிர் நண்பர். மனைவி கண்டுபிடித்த எண்ணை எழுதக் கணவருக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நார்மல் என்று மாற்றிவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லடா, டீயப் போடு" என்று நண்பரிடம் சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் நிம்மதியாக, டாக்டர் வாசலை மிதிக்காமலே செத்துப்போனார். முடிவு தவறு, இன்னொரு முறை இப்படி நடந்தால் சான்று ரத்து என்றது அலுவலகம். அது கணவர் காதில் ஏறவே இல்லை. அதன் பிறகு டீ குடிப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த வருடக் குப்பியை லேப்காரம்மா கையில் எடுத்தாள். ஜன்னல் பக்கம் போனாலும் வாசல் பக்கம் போனாலும் ரத்தம் அவளுடைய நெஞ்சுப் பக்கமே ஏறி நின்றது. சோதித்தால், வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொன்னவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டாள்.

"நார்மல்னு போட்டுடலாங்க. இத என் கையால எப்படி எழுதுறது?"

"எந்திரி. நான் எழுதுறேன்," என்றார் கணவர்.

பார்த்ததைப் பார்த்தபடி, ஒவ்வொரு எண்ணாக ஏற்றினார். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார். மறுநாளே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவளுடைய ரத்தத்தில் அப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் சொன்ன தேதிக்கெல்லாம் கூட்டிப் போனார். நோய் வந்தபோது டாக்டர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். அவளுக்கு முடி கொட்டியது, பிறகு முளைத்தது. முடிவு மிகச் சரி என்று அலுவலகம் பாராட்டிய அன்று கணவர் சாப்பிடவில்லை.

அடுத்த கூரியர் வந்தபோது தெருவே லேப்புக்குள் இருந்தது. எள் போட இடமில்லை. கணவர்தான் குப்பியை எடுத்துத் தாங்கியில் வைத்தார். ரத்தம் எந்த வீட்டுப் பக்கமும் சாயவில்லை. கையெழுத்துக்காகக் காத்து நின்ற கூரியர்காரர் பக்கம் சாய்ந்தது. அவர் மெல்ல வாசலுக்கு நகர்ந்தார், ரத்தமும் நகர்ந்தது.

"சார், எனக்கு இன்னும் நிறைய பார்சல் குடுக்க வேண்டியிருக்கு."

"குடுக்கலாம் தம்பி. இவளும் இப்படித்தான் பயந்தா. உட்காருங்க, கைய நீட்டுங்க."

லேப்காரம்மா புது ஊசியைப் பிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.