செவ்வாய்க்கிழமை வைன்

வைன் போத்தலுக்குள் முறிந்த தக்கையைப் பிரியந்தன் கத்தி நுனியால் நெம்பிக்கொண்டிருந்தான். அது வருவதாக இல்லை. "அண்ணை இருந்திருந்தால் இப்ப எனக்கு நல்ல ஏச்சு விழுந்திருக்கும்," என்று சொல்லி, கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, அந்தப் போத்தலை ஓரமாக வைத்து அடுத்ததை எடுத்தான்.

அந்த அண்ணை, கஸ்பர், அன்று காலைதான் மண்ணுக்குள் போனார். கல்லறையிலிருந்து திரும்பி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மில்லிக்கன் பகுதியில் இருந்த அவர்களுடைய வீட்டின் குசினியில் நின்று அவருடைய மனைவி வேரோனிக்கா கிளாசுகளைத் துடைத்துக் கொடுத்தாள்.

"செத்த வீட்டில போத்திலோ, வேரோனிக்கா?" கஸ்பரின் அக்கா யோகமலர் இரண்டாவது தரமும் கேட்டார்.

"அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர் மச்சாள். ஆளுக்குக் கால் கிளாஸ். மீன் குழம்போட."

சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கால் கிளாசை ஒருவரும் தொடாமல் விட்டால் நல்லது என்று வேரோனிக்காவுக்கு இருந்தது. காரணம் சாப்பாட்டு மேசையில், மகள் நிரோஷினி அச்சடித்து அடுக்கியிருந்த கடிதத்தில் கிடந்தது.

கஸ்பர் இருபத்தைந்து வருடமாக வைன் இறக்குமதி முகவர். ஒக்டோபர் வந்தால் இரண்டு சூட்கேசோடு போர்த்துக்கல், சிசிலி என்று கிளம்பிவிடுவார். பேர்பெற்ற வைன் மாளிகைகள் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். லொறிக்காரர் சாப்பிடுகிற கடையாகப் பார்த்துப் புகுந்து, குடுவையில் ஊற்றித் தருவதைக் குடித்துவிட்டு, அதைச் செய்தவனின் வீட்டை விசாரித்துப் போவார். "கலியாண வீட்டு வைனை எவனும் விப்பான். செவ்வாய்க்கிழமை ராச்சாப்பாட்டுக்கு எதைக் குடிக்கிறது? அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை," என்பார். அதைச் சொல்ல மாதம் ஒரு கடிதம், முந்நூற்று நாற்பது வாடிக்கையாளருக்கு. என்ன வைன், என்ன மணம், எந்தக் கறியோடு என்று எல்லாம் இருக்கும். இருபது டொலரைத் தாண்டினால் அதில் இடமில்லை. போத்தலில் இல்லாத மணத்தை அவர் ஒருநாளும் எழுதியதில்லை. ஒருமுறை ஒரு சிவப்பு வைனைப் புகழ்ந்து எழுதிவிட்டு, அடுத்த வாரமே, "நான் பிழைவிட்டிட்டன், அதை வாங்காதேங்கோ," என்று தனிக் கடிதம் போட்டார்.

பிறகு கொரோனா வந்தது. போகும்போது அவருடைய மூக்கையும் கொண்டு போனது. அடுப்பில் கருகிய வெங்காயம்கூட மணக்கவில்லை. வைன்காரனுக்கு மூக்குப் போனால் என்ன மிச்சம்? ஒரு கிழமை கட்டிலை விட்டு எழும்பவில்லை. பிறகு ஒரு பின்னேரம் கிளாசைக் கொண்டுவந்து மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன மணக்குது, சொல்லும்."

வேரோனிக்கா ஒரு சொட்டு வாயில் வைத்தவள் அல்ல. அவளுடைய தகப்பன் குடித்தே செத்தவர். மணந்து பார்ப்பதில் என்ன பாவம் என்று மணந்தாள்.

"பென்சில் சீவின தூள்."

கஸ்பர் அந்தக் கிழமையில் முதல்தடவையாகச் சிரித்தார். "இனி நாக்கு என்ர, மூக்கு உம்மட. ஆருக்கும் சொல்லாதையும்."

அவள் சொல்லவில்லை. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஒக்டோபர்களில் அவளும் சூட்கேசோடு போனாள். கேட்டவர்களிடம் துணைக்கு என்றாள். கடிதத்தில் பென்சில் தூளும், மழை நின்ற சீமெந்தும், கறிவேப்பிலை கிள்ளிய விரலும் வரத் தொடங்கின. "அண்ணையின்ர எழுத்து இப்பதான் களைகட்டுது," என்று, அவரிடமே வைன் வாங்குகிற பிரியந்தன் தன் உணவகத்தின் மெனுவிலேயே அவற்றைப் போட்டான். அதை வாசிக்கும்போது கஸ்பர் அவளைப் பார்க்கமாட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன ஒக்டோபரில், வட போர்த்துக்கலில், அவள் பல்வலியோடு அறையில் கிடந்த ஒரே நாளில் கஸ்பர் தனியே போய் ஒரு வெள்ளை வைனைப் பிடித்தார். நல்ல புளிப்பு, கடைசியில் கொஞ்சம் உப்பு, நாக்கு பொய் சொல்லாது என்றார். அதன் பெட்டிகள் வந்து சேர்ந்தபோது அவர் இருப்பறையில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். கணையத்தில் புற்றுநோய்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு போத்தலைத் திறக்கச் சொன்னார். மடியில் லப்டொப். கடிதம் முழுக்க எழுதியாயிற்று, ஒரு சொல்தான் பாக்கி.

"என்ன மணக்குது?"

வேரோனிக்கா மணந்தாள். ஒன்றும் மணக்கவில்லை. விடிந்ததிலிருந்து கராஜுக்குள் போய்ப் போய் அழுது மூக்கு அடைத்துக் கிடந்தது. அழவில்லை, அழவேமாட்டேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தாள். மூக்கு அடைப்பு என்றால் பிடித்துவிடுவார்.

"மாம்பழம்," என்றாள்.

"மாம்பழமோ!" கஸ்பரின் முகம் மலர்ந்தது. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "எங்கட ஊர்க் கறுத்தக்கொழும்பான் எண்டு போடட்டோ?"

"போடுங்கோ."

ஆறு மணிக்கு மூச்சு நின்றது. சனிக்கிழமை நிரோஷினி, 'இதுவே அப்பாவின் கடைசிக் கடிதம்' என்ற வரியைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். வேரோனிக்கா அறிந்தபோது அது முந்நூற்று நாற்பது பேரிடம் போய்விட்டிருந்தது. அந்த மனிசன் ஒரு பொய்யும் எழுதாமல் இருந்து, கடைசியில் என்னால் ஒன்றை எழுதிவிட்டுப் போனாரே என்று அவள் மூன்று நாளாக நித்திரை கொள்ளவில்லை. இன்று அதைக் குடிக்கப் போகிறார்கள். யாராவது ஒருவர் முகத்தைச் சுளித்தால் போதும்.

கிளாசுகள் எல்லோருக்கும் போயின. பிரியந்தன் மூக்கைக் கிளாசுக்குள் விட்டு, கண்ணை மூடினான். வேரோனிக்கா துடைத்த கிளாசையே திரும்பத் துடைத்தாள்.

"கறுத்தக்கொழும்பான்," என்றான் பிரியந்தன். "அப்பிடியே கறுத்தக்கொழும்பான்."

"ஓம், ஓம்," என்றது கூடம். ஒருவர் மாங்காய்க் காம்படியில் வழிகிற பால்கூட மணக்கிறது என்றார். யோகமலரும் கால் கிளாசை அரைக் கிளாசாக வாங்கி மணந்து, "தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார். வேரோனிக்கா நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவ்வளவு பேரும் அவர்மேல் வைத்த அன்பில் ஏமாந்து நிற்பதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பேபி அன்ரி குசினிக்குள் வந்தார். வயது எழுபத்தெட்டு, சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியில் பதினாலாம் தட்டில் தனியே இருப்பவர், இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி தவறாமல் வாங்குவார். கிளாசை வேரோனிக்காவின் கையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஆருக்கும் சொல்லாதை. எனக்கு மாம்பழம் ஒண்டும் மணக்கேல்லை. மூண்டு தரம் பாத்திட்டன். எனக்கும் உந்தக் கொரோனா வந்தது கண்டியோ. மூக்குப் போட்டுதோ எண்டு நெஞ்சு பதறுது."

வேரோனிக்கா கூடத்தைப் பார்த்தாள். ஆருக்கும் சொல்லாதையும் என்ற குரல் இன்னும் காதுக்குள்தான் இருந்தது. மூக்குப் போன அந்தக் கிழமையில் கஸ்பர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததும் கண்ணுக்குள் இருந்தது.

"உங்கட மூக்கில ஒரு பிழையும் இல்லை அன்ரி."

"பிறகேன் கஸ்பர் அப்பிடி எழுதினவன்?"

"அவர் எழுதினது நான் சொன்னதை. நான்தான் பிழையாச் சொன்னனான்."

பேபி அன்ரி அவளை உற்றுப் பார்த்தார். "அப்ப, பென்சில் தூள்?"

"அது நான் சரியாச் சொன்னது."

அன்ரி அவளுடைய கன்னத்தைத் தொட்டுவிட்டு, தன் கிளாசைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். வேரோனிக்கா திரும்பியபோது குளிர்ப்பெட்டிப் பக்கத்தில் நிரோஷினி வெறுங்கோப்பைகளோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அம்மா, வெயிட். அப்பா ஸ்மெல் பண்ணேல்லையா?"

"அவருக்கு மூக்குப் போய் நாலு வருசம்."

"அந்த லெட்டர்ஸ் எல்லாம்?"

"எழுதினது அவர்தான். நான் சும்மா மணந்து சொன்னனான்." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "வியாழக்கிழமை எனக்கு மூக்கு அடைச்சுக் கிடந்தது பிள்ளை. அழுதனான் எண்டு தெரிஞ்சிடும் எண்டு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். அவரைப் பொய்க்காரனாக்கிப்போட்டன்."

நிரோஷினி கோப்பைகளைத் தொட்டியில் வைத்தாள். கூடத்தில் மாம்பழப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அவள் போய்த் தகப்பனின் லப்டொப்பை எடுத்துவந்து குசினி மேசையில் விரித்தாள். கடைசிக் கடிதம் என்ற வரியைத் தேடி அழித்தாள். புதுக் கடிதம் ஒன்றைத் தொடங்கி, 'போன கடிதத்தில் ஒரு பிழை' என்று தட்டினாள். பிறகு எழுந்து, பிரியந்தன் ஓரமாக வைத்த போத்தலை எடுத்து, முறிந்த தக்கையைக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளி, தேத்தண்ணி வடியில் வடித்துக் கால் கிளாஸ் ஊற்றித் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ன மணக்குது? சொல்லுங்கோ."

"கொஞ்சம் பொறு," என்றாள் வேரோனிக்கா. பேப்பர் துவாயில் ஒரு துண்டு கிழித்து, மூக்கை நன்றாகச் சீறினாள். இன்னொரு துண்டு கிழித்துத் திரும்பவும் சீறினாள். பிறகு கையை நீட்டிக் கிளாசை வாங்கினாள்.