மின்னல் பிடிக்கும் மாப்பிள்ளை

பெண் பார்க்க அம்மாவோடு நத்தத்திலிருந்து வந்திருந்த பிரபு, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே தமிழ்மதியிடம் போனை நீட்டினான்.

"நம்ம சேனல். இடி மின்னல் மட்டுந்தான். நாப்பதாயிரம் பேரு பாக்குறாங்க."

திரையில் சிறுமலைக்கு மேலே ஒரு மின்னல் கிளை பிரிந்து இறங்கியது. நல்ல மின்னல்தான். கூடவே ஓடிய குரலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. 'உயிரப் பணயம் வச்சு நிக்கிறேன் மக்களே' என்று முழங்கிக்கொண்டிருந்தான் பிரபு. தேர்தலில் நிற்பவன்கூட இம்புட்டுக் கத்தமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

வேடசந்தூர் மில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் அவள். மேகம் திரண்டால் மின்னல் பார்க்க மொட்டைமாடிப் படிக் கூண்டுக்குள் போய் நின்றுகொள்வாள். அதை ஒருவரிடமும் பீற்றிக்கொண்டதில்லை.

அப்பா முத்துச்சாமி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பயமா இருக்காதா மாப்ள?"

அதற்குள் மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

"பயமா? நம்ம ரத்தத்துலயே கெடையாது மாமா."

சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்த சித்திரை வானம் அப்போதுதான் வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது, கரண்டு போனது. அடுத்த மின்னலில் பார்த்தால் பிரபுவின் நாற்காலி காலி. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான்.

"காதுவலி" என்றான், யாரும் கேட்காமலே.

தமிழ்மதி துணி எடுக்கப் போவதாகச் சொல்லி மாடி ஏறினாள். கூண்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தது. பிரபுவின் அம்மா சுந்தரம்மாள், பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வா தாயி. வாசலத் தாண்டாத" என்றார் திரும்பாமலே.

மலை இருந்த இடமே தெரியவில்லை. மேகத்தின் வயிற்றுக்குள் வெளிச்சம் ஓடி ஓடி அடங்கியது. பிறகு ஊதாநிறக் கோடு ஒன்று தரைவரைக்கும் இறங்கி, செத்த நேரம் நடுங்கி நின்று, அணைந்தது. சுந்தரம்மாள் முணுமுணுத்து எண்ணினார். ஆறு எண்ணும்போது இடி வந்து நெஞ்சுக்குள் உருண்டது. தமிழ்மதி அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அப்ப அந்த வீடியோ எல்லாம்?"

"நாந்தான் எடுக்கிறேன். அவன் கட்டிலுக்கடியில கெடப்பான். வானம் வெறிச்சதும் எந்திரிச்சு வந்து குரல் குடுப்பான்."

மழை விட்டுக் கரண்டு வந்தபோது பிரபு தலைசீவி நாற்காலியில் இருந்தான். "செம இடி மாமா. கேமரா கொண்டாராமப் போனேன்" என்றான். சாரலில் நனைந்த அம்மாவின் சேலையை அவன் பார்க்கவேயில்லை.

அவர்கள் போனதும் தமிழ்மதி அப்பாவிடம் சொன்னாள். "பயப்படுறது தப்பில்லப்பா. அம்மாவ மழையில நிறுத்திட்டு, தான் நின்னதாச் சொல்றான் பாருங்க, அந்த ஆளு எனக்கு வேணாம்."

முத்துச்சாமி முனகிக்கொண்டே நத்தத்துக்குப் போன் போட்டு, சம்பந்தம் வேண்டாமென்று சொன்னார்.

மறுவாரம் சுந்தரம்மாள் போன் செய்தார். சம்பந்தம் முறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எம்பேர்ல தனியா ஒரு சேனல் தொடங்கணும் தாயி. அவனக் கேட்டா சிரிக்கிறான். உனக்குத் தெரியுமா?"

தமிழ்மதி ஞாயிற்றுக்கிழமை நத்தம் பஸ் ஏறினாள்.